குளிரை எண்ணும் மொட்டு

ஐரோப்பியத் தோட்டக்காரர்களிடம் லில்லி ஆஃப் த வேலி என்ற செடியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு புகார்கள் வரும். நட்டு இரண்டு வருஷம் ஆகிறது, ஓரிரண்டு இலையைத் தவிர வேறொன்றும் காணோம் என்பார் ஒருவர். பதினைந்து வருஷமாகத் தோண்டித் தோண்டி எறிகிறேன், ஒழிய மாட்டேன் என்கிறது என்பார் மற்றவர். இருவரும் பேசுவது ஒரே செடியைப் பற்றி. முதல் புகாரைச் சொன்னவரே பின்னாளில் இரண்டாவதையும் சொல்வதுண்டு. நல்ல மண், நல்ல எரு, தவறாத தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவருக்கு அது முகம் கொடுக்காது. ஆளில்லாத பழைய வீட்டின் வடக்குச் சுவரோரம், கேட்பாரில்லாமல், தரை தெரியாதபடி மண்டிக் கிடக்கும்.

இந்த முரண்டுக்குக் காரணம் தெரிய வேண்டுமென்றால், பூவை விட்டுவிட்டு மண்ணுக்குள் பார்க்க வேண்டும்.

மேலே தெரிவது கொஞ்சம்தான். ஒரு சாண் உயரத்துக்கு இரண்டு அகன்ற இலைகள், அவற்றின் பக்கத்தில் வளைந்து நிற்கும் ஒரு காம்பு, காம்பின் ஒரே பக்கமாகத் தொங்கும் வெள்ளை மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. விளிம்பு ஆறு மடல்களாக வெளிப்புறம் சுருண்டிருக்கும். மே மாதத்தில் இரண்டு மூன்று வாரம் பூத்து முடிந்துவிடும். கோடை முற்றும்போது இலையும் மஞ்சளித்துச் சாயும். வருஷத்தில் பாதிக்கு மேல் அந்த இடத்தில் செடி இருப்பதற்கான அடையாளமே இருக்காது.

மண்ணுக்கடியில் இருப்பது, இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் இருப்பது போன்ற மட்டநிலத்தண்டு. ஆனால் இஞ்சிபோலப் பருத்துத் திரளாமல், மெல்லிய கயிறாகப் பக்கவாட்டில் ஓடும். ஓடிய இடத்தில் கணு, கணுவில் வேர், நுனியில் ஒரு மொட்டு. அந்த மொட்டு மேல்நோக்கித் திரும்பினால் அடுத்த ஆண்டு இலை வரும். செடி என்று நாம் சொல்ல வேண்டியது இந்தக் கயிற்று வலையைத்தான். இலைகள் அதற்கு உணவு அனுப்பும் தற்காலிக வாய்கள். புதிதாக நட்ட துண்டு முதலில் வலையை விரிக்கிறது. தரைக்கு மேலே எதையும் காட்ட அதற்கு அவசரமில்லை. முதல் புகார்க்காரர் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது.

லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட பெயர் கான்வல்லேரியா மஜாலிஸ். பெயரில்தான் லில்லி, குடும்பம் வேறு. இன்றைய வகைப்பாட்டில் இது அஸ்பராகேசியே குடும்பம். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கும், ஆனைக்கற்றாழையும், மாலை கட்டும் நிலச்சம்பங்கியும் இதன் உறவினர்கள். மணம் விஷயத்தில் சம்பங்கிக்கும் இதற்கும் உள்ள உறவை மூக்கே ஒப்புக்கொள்ளும். தேவாலயப் பாடல்களில் வரும் பள்ளத்தாக்கின் லீலியை இதுவென்று நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உன்னதப்பாட்டு பிறந்த பாலஸ்தீன மண்ணில் கான்வல்லேரியா இயற்கையாக வளர்வதில்லை. இதன் சொந்த ஊர் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள மிதவெப்பக் காடுகள். இலையுதிர் மரங்களின் அடியில், அரை நிழலில், மக்கிய சருகின் மேல் வாழ்ந்து பழகியது. ஃபின்லாந்து 1967 முதல் இதைத் தன் தேசிய மலராக வைத்திருக்கிறது.

மட்டநிலத்தண்டைப் பற்றி ஒரு சின்ன விலகல். உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்தவர்களில் பலர் இந்தச் செடியைத் தோட்டத்தில் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனால் அதன் தண்டை உள்ளும் புறமும் அறிவார்கள். கான்வல்லேரியா தண்டின் குறுக்குவெட்டை மெல்லிய சீவலாக எடுத்துச் சாயமேற்றிய கண்ணாடிச் சில்லு, ஒளிர்வு நுண்ணோக்கிகளைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் மாதிரி. செல்சுவர்கள் பல நிறங்களில் பிரகாசமாக ஒளிரும், எளிதில் மங்காது. மாணவர்களுக்கு அதில் பிடித்தது வேறு: செல்களின் அமைப்பு சில இடங்களில் சிரிக்கும் முகங்கள் போலத் தெரியும். தாவரவியலாளர்களுக்குப் பிடித்தது அதன் குழாய்க் கற்றைகள். வழக்கமான தண்டில் நீர் கடத்தும் சைலமும் உணவு கடத்தும் ஃபுளோயமும் அடுத்தடுத்து இருக்கும். இதில் பல கற்றைகளில் ஃபுளோயம் நடுவில், சைலம் அதைச் சுற்றி வளையமாக.

இனி மொட்டு. தோட்டக்காரர்கள் வாங்குவதும் விற்பதும் விதையையல்ல, வேரோடு கூடிய இந்த நுனி மொட்டைத்தான். வணிகத்தில் இதற்குப் 'பிப்' என்று பெயர். இரண்டு வகை உண்டு. ஒல்லியாக, கூர்மையாக இருந்தால் அடுத்த வசந்தத்தில் இலை மட்டும் வரும். பருத்து, நுனி மழுங்கியிருந்தால் உள்ளே பூங்கொத்து இருக்கிறது. ஆம், ஏற்கெனவே இருக்கிறது. மே மாதம் நாம் முகரும் பூ, போன கோடையிலேயே மண்ணுக்கடியில் உருவாகி முடிந்துவிட்டது. பூக்கும் அளவுக்கு ஒரு கிளை மொட்டு முதிர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பூத்து முடிந்ததும் அழகு போய்விட்டதென்று இலைகளை வெட்டித் தள்ளுபவர் அடுத்த வருஷத்துப் பூவைத்தான் வெட்டுகிறார். அந்த இலைகள் அனுப்பும் சர்க்கரையில்தான் அந்தப் பூ உருவாக வேண்டும். இலை தானாக மஞ்சளாகி விழும்வரை கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது.

பூ தயாராகிவிட்டதென்றால் அக்டோபரில் நாலு நாள் இதமான வெயில் அடிக்கும்போதே அது வெளியே வந்துவிடலாமே? வந்தால் அடுத்த வாரத்து உறைபனியில் கருகிவிடும். அதனால் மொட்டுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. வாரக்கணக்கில், சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, தொடர்ந்து குளிர் பட்டால்தான் அது திறக்கும். ஒரு நாள் கடுங்குளிர் போதாது. குளிர் நாள்கள் சேர வேண்டும். சேர்ந்த கணக்கு நிறைந்த பிறகு, வெப்பம் வந்ததும் மொட்டு விழிக்கும். குளிர்காலம் வந்தது என்பதை மட்டுமின்றி, அது கடந்து போய்விட்டது என்பதையும் செடி இப்படித்தான் அறிகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதை வளர்க்க முடியாததற்குக் காரணம் வெயில் சுடுவது மட்டுமில்லை. நிழலில் வைத்து நீர் தெளித்துக் காப்பாற்றினாலும், வராத ஒரு குளிர்காலத்துக்காக மொட்டு காத்துக்கொண்டே கிடக்கும்.

இந்தப் பூட்டை ஏமாற்றுவது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டக்கலையின் பெரிய தொழில். ஜெர்மனியில் வயல் வயலாக வளர்த்த மொட்டுகள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறின. குளிர்பதனக் கிடங்குகள் வந்தபின் வேலை எளிதாயிற்று. உறைநிலைக்குச் சற்றுக் கீழே மொட்டுகளை மாதக்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது எடுத்து, 20 டிகிரிக்கு மேலான கதகதப்பில், முதலில் இருட்டிலும் பிறகு வெளிச்சத்திலும் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் மணி தொங்கும். ஆகஸ்டில் வேண்டுமா, கிறிஸ்துமஸுக்கு வேண்டுமா என்பது கிடங்குக்காரர் முடிவு. அதே காலத்தில் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன், முக்கியமாக லைலாக் செடியை வைத்து, ஈதர் ஆவியில் ஓரிரு நாள் அடைத்தால் மொட்டின் உறக்கம் கலைகிறது என்று காட்டினார். மனிதனை மயங்க வைக்கும் பொருள் மொட்டை விழிக்க வைக்கிறது! 1909இல் 'ஜீன்' என்ற சொல்லை அறிவியலுக்குத் தந்தவரும் இதே யோஹான்சன்தான் என்பதைத் தோட்டக்கலைப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இன்று இந்தக் கணக்கு விளையாட்டு உச்சத்துக்குப் போவது பிரான்சில். மே 1 அன்று ஒருவருக்கொருவர் இந்தப் பூங்காம்பைக் கொடுப்பது அங்கே வழக்கம். 1561இல் ஒன்பதாம் சார்ல் மன்னர் அரசவைப் பெண்களுக்குக் கொடுத்துத் தொடங்கி வைத்தார் என்று கதை சொல்வார்கள். தொழிலாளர் தினத்தோடு இந்தப் பூ ஒட்டிக்கொண்டதன் வரலாறு அவ்வளவு மணமானதில்லை: தொழிலாளர் இயக்கம் அணிந்துவந்த சிவப்புக் காட்டுரோஜாவை ஒதுக்கிவிட்டு இதை அதிகாரபூர்வமாக முன்னிறுத்தியது 1941இல், ஹிட்லரின் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பெத்தானின் விஷி அரசு. அன்று ஒரு நாள் மட்டும் யார் வேண்டுமானாலும் தெருவோரம் நின்று இந்தப் பூவை விற்கலாம். உரிமம் கேட்க மாட்டார்கள். நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதி நாந்த் நகரைச் சுற்றி வருகிறது. அங்குள்ள விவசாயிக்கு ஏப்ரல் முழுக்கத் தூக்கமில்லை. வசந்தம் குளிர்ந்தால் பிளாஸ்டிக் கூடாரத்தை மூடிச் சூடேற்ற வேண்டும். முன்கூட்டியே வெயில் வந்துவிட்டால் நிழல்வலை போட்டுத் தடுக்க வேண்டும். மே 2 அன்று பூக்கும் கான்வல்லேரியாவை பிரான்சில் வாங்க ஆளில்லை.

வீட்டுத் தோட்டத்தில் இவ்வளவு பாடு வேண்டாம். இலையுதிர் காலத்தில், மண் இன்னும் ஈரமும் சிறிது வெதுவெதுப்பும் வைத்திருக்கும்போது நடுங்கள். மரத்தடி, வடக்குச் சுவரோரம், காலை வெயில் மட்டும் படும் மூலை ஆகியவை நல்ல இடங்கள். அடர்ந்த நிழலில் இலை செழிக்கும், பூ குறையும். நீர் தேங்காத, ஆனால் காய்ந்து போகாத மண் வேண்டும். கிடைத்தால் இலைமக்கு கலந்துகொள்ளுங்கள். காட்டில் இது சாப்பிட்டுப் பழகிய உணவு அதுதான். வேர் மடங்காமல் கீழே தொங்கும்படி குழி எடுத்து, மொட்டின் நுனி மண்மட்டத்தை ஒட்டி இருக்கும்படி, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்கலாம். ஆழமாகப் புதைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வசந்தத்தில் கடைகளில் நெகிழிப் பையில் தொங்கும் காய்ந்த மொட்டுகளை வாங்குவதைவிட, இலையோடு சட்டியில் வளரும் செடி ஒன்றை வாங்குவது என் கணக்கில் மலிவு. பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்: வறண்ட கோடையில் தண்ணீர், இலையுதிர் காலத்தில் மேலே இரண்டு விரல் கனத்துக்கு இலைமக்கு, அவ்வளவே. உரம் கொட்டினால் இலைதான் பெருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் படுகை நெருங்கி, நடுவில் பூ குறைந்தால், இலை காய்ந்தபின் தோண்டிப் பிரித்து நடலாம்.

தோட்டக் கடைகளில் இளஞ்சிவப்புப் பூக்கும் 'ரோசியா', இலையில் வெண்கோடு போட்ட 'அல்போஸ்ட்ரியாட்டா', பெரிய மணிகள் கொண்ட 'ஃபார்ட்டின்ஸ் ஜயன்ட்' என்று வகைகள் கிடைக்கும். வெண்கோட்டு வகை சில சமயம் கோட்டை இழந்து வெறும் பச்சையாகத் திரும்பிவிடும். அந்தக் கிளைகளை உடனே பிடுங்காவிட்டால் அவையே படுகையைப் பிடித்துக்கொள்ளும். ரோசியாவின் நிறம் எனக்கு உவப்பில்லை. வெள்ளையே போதும்.

ஒரு பெரிய படுகை பூத்துக் குலுங்கியும் பழமே பிடிக்காமல் இருப்பதைப் பார்க்கலாம். காரணம், ஒரு துண்டிலிருந்து தண்டோடிப் பரவிய அந்தப் படுகை முழுவதும் மரபணு அளவில் ஒரே செடி. கான்வல்லேரியா தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. நூறு காம்புகள் பூத்தாலும் தேனீ சுமந்து திரிவது அதே செடியின் மகரந்தத்தைத்தான். பக்கத்தில் வேறு மரபுவழிச் செடி இருந்தால்தான் இலையுதிர் காலத்தில் செம்பழங்கள் வரும். விதை அரிதென்றால் ஓட்டத்தில் ஈடுகட்ட வேண்டும். செடி அதைத்தான் செய்கிறது. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் குடியேறிகள் கொண்டுபோன படுகைகள் வீட்டுத் தோட்டங்களிலிருந்து தப்பி, பக்கத்துக் காடுகளின் தரையை மூடி, அங்குள்ள வசந்தகாலச் சிறுசெடிகளை நெருக்குகின்றன. டொரோன்டோவிலோ சிகாகோவிலோ காட்டோரம் வீடு இருந்தால் இதை நிலத்தில் நடாதீர்கள் என்பேன். நட்டே ஆக வேண்டுமென்றால் சட்டி, அல்லது 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெகிழித் தடுப்பு. ஏற்கெனவே பரவியதை எடுப்பதற்குக் குறுக்குவழி கிடையாது. தோண்டும்போது உடைந்து தங்கும் ஒவ்வொரு கணுவும் புதுச் செடி. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டும், அல்லது கனத்த விரிப்பால் மூடி இலைக்கு வெளிச்சம் கிட்டாமல் பட்டினி போட வேண்டும்.

மணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பூவைக் கடக்க முடியாது. மல்லிகையிலிருந்தும் ரோஜாவிலிருந்தும் எடுப்பதுபோல இதிலிருந்து அத்தர் எடுக்க இயலவில்லை. கிடைப்பது அற்பம், கிடைத்ததும் பூவின் மணமாக இருப்பதில்லை. ஆகவே வாசனைத் தொழில் இதைச் செயற்கையாகக் கட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஹைட்ராக்சிசிட்ரோனெலால் என்ற வேதிப்பொருள் முதல் பெரிய படி. 1956இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா உருவாக்கிய 'டியோரிசிமோ' என்ற வாசனைத் திரவியம் இந்த வரிசையின் சிகரம் என்பார்கள். தெற்கு பிரான்சின் காப்ரி (Cabris) ஊரில் தன் வீட்டுத் தோட்டத்தில் இந்தச் செடியை வளர்த்து, முகர்ந்து முகர்ந்து அதைச் செய்தார். சலவைத்தூளிலிருந்து ஷாம்பு வரை 'லில்லி மணம்' தந்துவந்த லிலியால் என்ற பொருள், இனப்பெருக்க நலனுக்குத் தீங்கு என்ற காரணத்தால், 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுப் பொருள்களில் தடை செய்யப்பட்டது.

இனப்பெருக்கம் என்றதும் இன்னொன்று. இதே மணம் கொண்ட பூர்ஜியோனால் என்ற செயற்கைப் பொருளை நோக்கி மனித விந்தணுக்கள் நீந்துகின்றன என்று 2003இல் ஜெர்மன் ஆய்வுக்குழு ஒன்று அறிவித்தது. கருமுட்டைக்கும் இந்தப் பூவின் மணமா என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2012இல் இன்னொரு ஜெர்மன் குழு அந்தக் கொண்டாட்டத்தை முடித்துவைத்தது: விந்தணுவின் வாலில் உள்ள கேட்ஸ்பெர் என்ற கால்சியம் வாயிலைத் திறப்பது புரோஜெஸ்டிரான், மிக அதிக அளவில் கொடுத்தால் பூர்ஜியோனாலும் அதே வாயிலைத் தட்டிவிடுகிறது. விந்தணு எதையும் முகரவில்லை.

மான், முயல் எல்லாம் மேயும் தோட்டத்தில் இந்த மெல்லிய இலை மட்டும் தப்புவது எப்படி? இலை, பூ, பழம், தண்டு அனைத்திலும் நஞ்சு. கான்வல்லாடாக்சின் தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்ட கார்டியாக் கிளைக்கோசைடுகள் இதில் உள்ளன. நம் அரளி, பொன்னரளி, எருக்கு ஆகியவற்றின் நஞ்சும் இதே கூட்டம். நம் செல்களின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது. நண்டின் நரம்பில் அதை 1957இல் அடையாளம் காட்டிய யென்ஸ் ஸ்கூ 1997இல் நோபல் பரிசு பெற்றார். கான்வல்லாடாக்சின் அந்தப் பம்பை அடைக்கிறது. இதயத் தசை செல்லில் சோடியம் தேங்க, அதன் விளைவாகக் கால்சியமும் தேங்குகிறது. கொஞ்சமாக இருந்தால் துடிப்பு வலுக்கும். ரஷ்யாவில் இதை இதய மருந்தாகப் பயன்படுத்தியது அதனால்தான். மிஞ்சினால் துடிப்பின் தாளம் கெடும், நின்றும் போகலாம். செடிக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? தாவர செல்லில் அந்தப் பம்பே இல்லை.

இன்னொரு நஞ்சு இதைவிட நுட்பம். 1955இல் லெஸ்லி ஃபௌடன் இந்தச் செடியில் அசெடிடின் கார்பாக்சிலிக் அமிலம் என்ற விசித்திரமான அமினோ அமிலத்தைக் கண்டார். புரதம் கட்டப் பயன்படும் புரோலினின் வடிவம்தான், வளையத்தில் ஒரு கார்பன் குறைவு. வேறு உயிரிகளின் செல்கள் ஏமாந்து, புரோலின் என்று நினைத்து இதைக் கோத்துவிடும். புரதம் கோணலாகி வேலை செய்யாது. பாசிப்பயற்று நாற்றுகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் வளர்ச்சி தடைப்பட்டது. புரதம் கட்டும் வேலை எல்லாத் தாவரத்துக்கும் பொது; பம்ப் இல்லை என்று இங்கே தப்பிக்க முடியாது. கான்வல்லேரியா தப்பிப்பது, புரோலினைத் தேர்ந்தெடுக்கும் அதன் நொதி அந்த ஒரு கார்பன் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விலக்கிவிடுவதால். ஒரு நஞ்சுக்குத் தாக்கும் இடம் செடியிடம் இல்லை. மற்றதற்கு இருக்கிறது, காவலும் இருக்கிறது.

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரால் இந்த நஞ்சுக்குப் பெரும் புகழ் வந்தது. நியூ மெக்சிகோ வெயிலில், நீச்சல்குளத்தோரச் சட்டியில், தொடரில் காட்டிய அந்தச் செடி எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்பது தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி. நிஜ வாழ்க்கையில் ஆபத்து வருவது வேறு வழியில். மத்திய ஐரோப்பாவில் வசந்தகாலத்தில் காட்டுப்பூண்டு இலை பறித்துச் சமைப்பார்கள். அதே நிழலில், அதே மாதத்தில், கிட்டத்தட்ட அதே இலையோடு கான்வல்லேரியாவும் நிற்கும். கசக்கி முகர்ந்தால் பூண்டு வாடை வருவது காட்டுப்பூண்டு என்பது பழைய சோதனை. ஆனால் நாலு இலை கசக்கியபின் கையே பூண்டு மணக்கும். ஐந்தாவது இலை எதுவானாலும் தேர்ச்சி பெற்றுவிடும். காம்பைப் பார்ப்பதே நம்பகம்: காட்டுப்பூண்டில் ஒவ்வோர் இலைக்கும் தனிக் காம்பு தரையிலிருந்து வரும், கான்வல்லேரியாவில் இரண்டு இலைகள் ஒன்றையொன்று தழுவி ஒரே தண்டாக எழும்.

குழந்தைகளை இழுப்பது செம்பழம். குடல் இந்த நஞ்சைக் குறைவாகவே உறிஞ்சுவதால் ஓரிரு பழத்தோடு நின்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வாந்தி, வயிற்றுவலியோடு போய்விடுகிறது. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கடும் நஞ்சேற்றத்துக்கு, இலங்கையில் பொன்னரளி விதை தின்றவர்களிடம் சோதித்து 2000இல் முடிவு வெளியான டிகாக்சின் எதிர்ப்புப் புரதம் போன்ற சிகிச்சை இருக்கிறது. அது மருத்துவமனையில்தான் கிடைக்கும். லண்டனிலோ பாரிசிலோ டொரோன்டோவிலோ உங்கள் தோட்டத்தில் இந்தச் செடி இருந்து, வீட்டில் சிறு பிள்ளையோ நாயோ இருந்தால், பூ உதிர்ந்ததும் காம்புகளை மட்டும் வெட்டிவிடுங்கள், பழமே பிடிக்காது. பூவைச் சாடியில் வைத்தால் அந்தத் தண்ணீரைக் கையெட்டாத இடத்தில் வைத்து, பிறகு கொட்டிவிடுங்கள். பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது செடியின் ஓர் இலையையும் ஒரு பழத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.